பத்திரம் பார்க்க யாரிடம் போவது? மதுரையில் ஒரு மனைக் கிரையம்: நிகழ்வு ஆய்வு

2024 மார்ச் மாதம் என் தங்கைக்காக மதுரைக்கு வெளியே, மேலூர் சாலைப் பக்கம், ஐந்தரை சென்ட் மனை ஒன்று பேசி முடித்தோம். சென்ட் ஆறு லட்சம், ஆக 33 லட்சம். தங்கை வீட்டுக்காரருக்கு வேலை திருப்பூரில், அதனால் அலைச்சல் முழுக்க என் தலையில் விழுந்தது. ஏப்ரலில் கிரையம் முடித்து ஆடிக்கு முன்னால் வாஸ்து போட்டுவிடலாம் என்பது எங்கள் கணக்கு. கிரையம் ஆனது நவம்பரில். அந்த எட்டு மாதத்தில் மூன்று பேர் அந்த மனையின் பத்திரங்களைப் பார்த்தார்கள். மூவரும் பார்த்தது ஒரே காகிதக் கட்டுதான், ஆனால் ஒருவர் கண்ணுக்குப் பட்டது மற்ற இருவருக்கும் படவில்லை. அது ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தவறு. மனையைப் பார்த்த அன்றே, வேறு யாரோ கேட்கிறார்கள் என்று புரோக்கர் சொன்னதை நம்பி, ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்து ஒரு வெள்ளைத்தாளில் ரசீது வாங்கிக்கொண்டோம். பணம் கைமாறிய பிறகுதான் பத்திரம் பார்க்க ஆள் தேடினோம். வரிசை தலைகீழாகிவிட்டது. முன்பணம் கொடுத்தவனுக்கு மனசு எப்படியாவது இது நல்லபடியாக முடியவேண்டும் என்றே ஓடும். சந்தேகம் கிளப்புகிற ஆளைவிட "எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்கிற ஆளைத்தான் அந்த மனசு தேடும்.

காகிதங்களின் வரலாறு

விற்பவர் போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். 2007-இல் அந்த மனையை வாங்கியிருக்கிறார். அவர் கொடுத்த கட்டில் இருந்தவை: 2007 கிரையப் பத்திரம், அதற்கு முந்தைய 1998 பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல், அவர் பெயரில் பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று, மனை வரன்முறை செய்த உத்தரவு. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளில் 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறை செய்துகொள்ள அரசு 2017-இல் வழிவிட்டதே, அதில் பணம் கட்டி முறைப்படுத்தியிருந்தார்.

கதை இப்படிப் போகிறது. ஒரு பெரியவர் 1968-இல் ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலத்தைத் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரையம் வாங்குகிறார். 1991-இல் உயில் எழுதாமல் காலமாகிறார். அவர் மனைவி 1995-இல் இறந்துபோகிறார். 1998-இல் இரண்டு மகன்களும் ஆளுக்கு அறுபது சென்ட் என்று பாகம் பிரித்துப் பதிவு செய்துகொள்கிறார்கள். இளையவர் தன் அறுபது சென்ட்டில் சாலை விட்டு எட்டு மனையாக்கி விற்கிறார். அதில் ஒன்றுதான் எங்கள் மனை.

இதில் கோளாறு எங்கே என்று இந்நேரம் கண்டுபிடித்தவர்கள் இருப்பீர்கள். நான் கண்டுபிடிக்கவில்லை. முதலில் பார்த்த இரண்டு பேரும்கூட.

முதல் ஆள்: பத்திர எழுத்தர்

புரோக்கர் எங்களை நேரே சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருந்த பத்திர எழுத்தரிடம் கூட்டிப்போனார். முப்பது வருட அனுபவம் உள்ளவர். கட்டை வாங்கிப் பதினைந்து நிமிடம் புரட்டிவிட்டு, "வில்லங்கத்துல ஒண்ணும் இல்ல சார், பட்டா பேரு சரியா இருக்கு, தேதி சொல்லுங்க, டோக்கன் போட்டுடலாம்" என்றார்.

அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. தமிழ்நாட்டில் பத்திர எழுத்தர் என்பது உரிமம் பெற்றுச் செய்கிற தொழில், அதற்கென்று 1982-ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. அந்த உரிமம் எழுதுவதற்கு. சொத்து யாருக்குப் பாத்தியம் என்று ஆராய்ந்து சொல்வது அதில் சேராது. அவருடைய வேலையில் அவர் கெட்டி. பின்னால் கிரையப் பத்திரம் எழுதும்போது, 2007 பத்திரத்தில் இருந்த மனை எண்ணும் வரன்முறை உத்தரவில் இருந்த மனை எண்ணும் வேறுவேறு என்பதைப் பிடித்தவர் அவர்தான். வடக்கே பாதை இருபதடி என்று பத்திரம் சொல்ல, வரைபடத்தில் இருபத்துமூன்று என்று இருந்ததையும் அவரே பார்த்துச் சொத்து விவரத்தைத் திருத்தினார். பின்னால் பார்த்த வக்கீல்கள் கண்ணில் இரண்டுமே படவில்லை. நான்கெல்லை எழுதுவதற்கு அப்படிப்பட்ட கை வேண்டும். அவரிடம் பாத்தியம் பார்க்கச் சொன்னது எங்கள் பிழை.

சார்பதிவாளர் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். இந்தக் கிரையம் முடிந்த சில மாதத்தில், 2025 ஏப்ரல் 7-இல், தமிழ்நாட்டிலிருந்து போன கே. கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் பதிவு விதி 55ஏ(1)-ஐச் செல்லாது என்று அறிவித்தது. விற்பவருக்குச் சொத்தில் உரிமை உண்டா என்று விசாரிக்கும் அதிகாரம், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, பதிவு அலுவலருக்குக் கிடையாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பத்திரம் பதிவானதாலேயே சொத்து உங்களுடையதாகிவிடாது. விற்றவருக்கு என்ன இருந்ததோ அதுதான் உங்களுக்கு வரும்.

இரண்டாம் ஆள்: வங்கியின் வக்கீல்

தங்கை இருபது லட்சம் வீட்டுமனைக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தாள். வங்கி தன் பட்டியலில் உள்ள வக்கீல் ஒருவரிடம் கட்டை அனுப்பியது. கட்டணத்தை எங்களிடம்தான் வசூலித்தார்கள். நாலு பக்க லீகல் ஒப்பீனியன் வந்தது. அதன் நகல் எங்களுக்குத் தானாக வரவில்லை, மூன்று முறை கேட்டு வாங்கினேன். 1998 பாகப்பிரிவினையிலிருந்து தொடங்கி, முப்பது வருட வில்லங்கச் சான்றில் குறை ஏதும் இல்லை, அடமானம் ஏற்கத் தக்கது என்று முடிந்திருந்தது.

"பேங்க்கே கடன் கொடுக்குது, அப்புறம் என்ன சார்?" என்றார் புரோக்கர். ஊரில் பாதிப் பேர் சொல்கிற வார்த்தை இது. ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த வக்கீலின் கட்சிக்காரர் வங்கி, நாங்கள் அல்ல. சொத்தில் சிக்கல் வந்தாலும் வங்கிக்குத் தங்கையின் சம்பளம் இருக்கிறது, ஜாமீன் இருக்கிறது. எங்களுக்கு அந்த மனையை விட்டால் வேறெதுவும் இல்லை. அவர் எங்களோடு ஒருமுறைகூடப் பேசவில்லை. பேசவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

தவறான ஒப்பீனியன் கொடுத்தால் வக்கீல் மேல் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். வங்கிக்குத் தவறான ஒப்பீனியன் கொடுத்த வக்கீல் ஒருவர் மீது சி.பி.ஐ. தொடர்ந்த கே. நாராயண ராவ் வழக்கில், 2012-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: மோசடிக்கு உடந்தையாக இருந்தார் என்பதற்கு ஆதாரம் இருந்தாலொழிய, கவனக்குறைவான ஒப்பீனியனுக்காக அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. எங்கள் கிரையம் இழுத்துக்கொண்டிருந்த அதே 2024 மே 14-ஆம் தேதி இன்னொரு தீர்ப்பும் வந்தது. வக்கீலின் சேவையில் குறை என்று நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று. பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், சிவில் வழக்குப் போடலாம், ஆனால் அதற்குள் வீடு கட்டிக் குடியேறியிருப்போம். ஆகவே ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்த்துக்கொள்வதுதான் வாங்குகிறவன் கையில் இருக்கிறது.

மூன்றாம் ஆளைத் தேடியது

வங்கி ஒப்பீனியன் கையில் இருந்தும் நான் ஏன் இன்னொருவரைத் தேடினேன் என்றால், தங்கை கேட்ட ஒரு கேள்விதான். "அண்ணே, நமக்குன்னு ஒருத்தர் பார்த்தாங்களா?" என்றாள். பார்க்கவில்லை என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் பலகையைப் பார்த்தோ விளம்பரத்தைப் பார்த்தோ நல்லவரைக் கண்டுபிடிக்க முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் ஒரு பழைய மாணவனைப் பிடித்தேன். "பத்திரம் நல்லாப் பார்க்கிற வக்கீல் யாருப்பா?" என்று கேட்டிருந்தால் யாரையாவது சொல்லியிருப்பான். "பாகப்பிரிவினை வழக்கு அதிகமா நடத்துறது யாரு?" என்று கேட்டேன். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பள்ளியில் இருந்த ஒரு தலைமை ஆசிரியர். பத்திரம் எங்கே கிழியும் என்று, கிழிந்த பத்திரங்களோடு நீதிமன்றத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும் என்பார் அவர். இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்டால் இதையே சொல்கிறேன். அந்த மாவட்டத்திலேயே சிவில் வழக்கு நடத்துகிறவராகவும் இருக்கவேண்டும். அந்தந்த ஊர் நிலப் பதிவுகளுக்கு அந்தந்த ஊர்ப் பழக்கம் உண்டு.

மூன்று பெயர் சொன்னான். முதலாமவர், "பேப்பரைக் கொடுத்துட்டுப் போங்க, சாயங்காலம் வந்து ஒப்பீனியனை வாங்கிக்கங்க" என்றார். இரண்டாமவர் கட்டைப் பிரித்ததும் புரோக்கர் பெயரைக் கேட்டார். கேட்டுவிட்டு, "அவர் எனக்குத் தொடர்ந்து கேஸ் கொண்டுவர்றவர். நீங்க வேற ஒருத்தர்கிட்டப் போறதுதான் நல்லது" என்று கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு ரூபாய் வாங்கவில்லை. அந்த நேர்மைக்காக இன்றும் அவரைப் பார்த்தால் நின்று வணக்கம் சொல்கிறேன்.

மூன்றாமவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வக்கீலம்மா. பதினைந்தாயிரம் கேட்டார், நகல் எடுக்கும் செலவு தனி. எந்த வருடத்திலிருந்து பார்ப்பீர்கள் என்று கேட்டேன். "சொத்து முதல்ல கிரையமா வந்த பத்திரம் வரைக்கும். உங்ககிட்ட 98-லேருந்துதான் இருக்கு. அதுக்கு முன்னால யாருக்கு, எப்படி வந்துச்சு?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். கருத்தை எழுதி, கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்டுத் தருவீர்களா என்றேன். தலையசைத்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, நான் கொண்டுவர வேண்டியவற்றை எழுத ஆரம்பித்தார்: 1968 தாய்ப்பத்திரம், பெரியவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கிராம ‘அ’ பதிவேட்டின் (ஊர் நிலங்களின் கணக்கு) நகல், புலப்பட (நில அளவை வரைபடம்) நகல், 1960 முதல் வில்லங்கச் சான்று. அப்போது 1975-க்குப் பிந்தையது இணையத்தில் கிடைத்தது, அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேடச்சொல்லி வாங்கவேண்டியிருந்தது. தாள் நிரம்பியது. அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று எனக்குப் பட்டது. முந்தைய இருவரும் என்னிடம் கூடுதலாக ஒரு காகிதம்கூடக் கேட்டதில்லை.

‘மட்டும்’

பதினெட்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். மேசையில் 1998 பாகப்பிரிவினையின் இரண்டாம் பக்கம் திறந்திருந்தது. ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடு. ‘எங்கள் தகப்பனார் காலத்திற்குப் பிறகு மேற்படி சொத்து எங்கள் இருவருக்கு மட்டும் பாத்தியப்பட்டு’ என்று போகிறது அந்த வரி. ‘மட்டும்’ என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

"இந்த ‘மட்டும்’ எதுக்கு சார்? ரெண்டே பிள்ளைதான்னா இந்த வார்த்தை தேவையே இல்ல" என்றார்.

பக்கத்தில் நாள்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தில் ஒரு குடும்ப மரம் வரைந்திருந்தார். உச்சியில் பெரியவர், அவருக்குக் கீழே மனைவி, இரண்டு மகன், கேள்விக்குறியோடு ஒரு காலி வட்டம். வாரிசுச் சான்று வேண்டும் என்று விற்பவர் மூலமாக இளைய மகனிடம் கேட்டனுப்பினோம். இல்லை என்றார். மூத்த மகன் வீட்டில் இருந்தது, 1992-இல் கூட்டுறவுச் சங்கக் கடனை முடிக்க எடுத்தது. அதில் ஐந்து பெயர். மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள்.

வில்லங்கச் சான்றில் இது ஏன் தெரியவில்லை? முப்பதல்ல, அறுபது வருடத்துக்கு எடுத்தாலும் தெரியாது. பதிவான பத்திரங்களை அது வரிசைப்படுத்திக் காட்டும். யாருடைய கையெழுத்து விட்டுப்போனது என்று அதில் இடம்பெறாது. மகள்கள் பிறந்ததோ, பங்கு கேட்காமல் இருந்ததோ பதிவாகிற விஷயமில்லை. பட்டாவும் அப்படித்தான். அப்பா இறந்த பிறகு கிராம நிர்வாக அலுவலர் அறிக்கையின் பேரில் இரண்டு மகன்கள் பெயருக்கு மாறியிருந்தது, அதிலிருந்து கிளைத்ததுதான் இன்றைய பட்டா. அது வருவாய்த்துறைக் கணக்கு, அதனால் யாருடைய பங்கும் அழியாது.

புரோக்கர் விடவில்லை. "அம்மா, அந்தப் பொண்ணுங்களுக்கு 89-க்கு முன்னாலயே கல்யாணம் ஆயிருச்சு. அவங்களுக்குப் பங்கு கிடையாது" என்றார். இதை நான் எத்தனையோ வாயால் கேட்டிருக்கிறேன், அதனால் வக்கீலம்மா சொன்ன பதிலை முழுக்க எழுதிவிடுகிறேன். 1989 மார்ச் 25-க்கு முன் மணமான மகளுக்குப் பங்கில்லை என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தம் சொன்னது பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றி. அந்த வேறுபாட்டையும் 2005 மத்தியத் திருத்தமும், அதை விளக்கிய 2020 ஆகஸ்ட் 11 வினீதா சர்மா தீர்ப்பும் பெருமளவு நீக்கிவிட்டன. ஆனால் இந்த நிலத்துக்கு அந்தப் பேச்சே தேவையில்லை. இது பெரியவர் தானே சம்பாதித்து வாங்கியது. உயில் இல்லாமல் அவர் இறந்த அன்றே, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, மனைவிக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் சமமாக இறங்கிவிட்டது. மகளுக்குக் கல்யாணம் எப்போது ஆனது என்று அந்தப் பிரிவு கேட்பதே இல்லை. அம்மாவின் பங்கும் 1995-இல் நான்கு பேருக்கும் போனது. ஆகத் தலைக்குக் கால் பங்கு.

அப்படியானால் 1998-இல் இளையவருக்குக் கிடைத்தது என்ன? தன் கால் பங்கும், அண்ணன் விட்டுக்கொடுத்த கால் பங்கும். மீதிப் பாதி மகள்களுடையது. நாங்கள் 33 லட்சத்துக்கு வாங்க இருந்த ஐந்தரை சென்ட்டில் இரண்டே முக்கால் சென்ட்தான் விற்பவர் கையில் இருந்தது.

"இருபத்தாறு வருஷமா கேக்காதவங்க இனிமேலா கேக்கப்போறாங்க?" என்றார் புரோக்கர். கேட்காமல் இருந்தால் உரிமை போய்விடும் என்று நானும் நினைத்திருந்தேன். கூட்டுப் பங்குதாரர்களில் ஒருவர் அனுபவிப்பது எல்லோர் சார்பிலும் அனுபவிப்பதாகவே சட்டம் கொள்ளும். மற்றவர்களை வெளிப்படையாக மறுத்து வெளியேற்றியதை நிரூபித்தால்தான் காலக்கெடு ஓடத் தொடங்கும், அதை நிரூபிப்பது லேசில்லை. "கேக்க மாட்டாங்கதான் சார். அவங்க பிள்ளைங்க கேப்பாங்க. எங்கிட்ட இருக்கிற பாக வழக்குல பாதி பேரப் பிள்ளைங்க போட்டது" என்றார் வக்கீலம்மா.

விற்பவர் இதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். 2007-இல் அவருக்கும் யாரோ ஒருவர் ஒப்பீனியன் கொடுத்திருக்கிறார். பதினேழு வருடமாகத் தன் சொத்து என்று அதைச் சுற்றி வேலி போட்டுக் காத்தவர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சரிசெய்தது

முன்பணத்தை வாங்கிக்கொண்டு விலகுங்கள் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். வக்கீலம்மா மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார். அதுவரை உடன்படிக்கை எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்றார். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய உடன்படிக்கையையும் கட்டாயம் பதிவு செய்யவேண்டும். செலவும் சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

மூத்த மகள் சாத்தூர்ப் பக்கம் இருந்தார், வயது எழுபத்தொன்று. இளைய மகளும் அவர் கணவரும் காலமாகிவிட்டார்கள். பிள்ளைகள் இருவர், அதில் ஒருவர் துபாயில். மகள்கள் தரப்பிலிருந்து தம்பிக்கு, பங்கை விட்டுக்கொடுத்ததாக ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிவிடலாம் என்று பத்திர எழுத்தர் யோசனை சொன்னார். மனையைத்தான் 2007-இலேயே தம்பி விற்றுவிட்டாரே, அவருக்கு விடுதலை எழுதி என்ன பயன் என்று வக்கீலம்மா அதை ஏற்கவில்லை. மகள்கள் தரப்பையும் விற்பவர்களாகவே கிரையப் பத்திரத்தில் சேர்த்தார். அவர்களுக்கு எவ்வளவு என்பதை விற்பவரும் இளைய மகனும் அந்த வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். அந்தத் தொகை நேரே அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகவேண்டும், பத்திரத்திலும் அப்படியே எழுதப்படவேண்டும் என்பதில் மட்டும் வக்கீலம்மா விட்டுக்கொடுக்கவில்லை. துபாயில் இருந்தவர் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில், தன் சார்பில் இங்கே ஒருவர் கையெழுத்துப் போட அதிகார ஆவணம் (பவர்) எழுதி அனுப்பினார். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாகவேண்டும். தீபாவளிக் கூட்டத்தில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு நாலு தடவை அலைந்தேன்.

அந்த மனைப்பிரிவில் இன்னும் ஏழு மனை இருக்கிறது. அவற்றின் பத்திரங்களும் அதே ‘மட்டும்’ மேல்தான் நிற்கின்றன. மூன்றில் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள், வங்கிக் கடனும் வாங்கியிருக்கிறார்கள். ஏழு பேரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். இரண்டு பேர் வக்கீலம்மாவின் முகவரி கேட்டார்கள். ஒருவர் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டார்.

நவம்பரில் கிரையம். முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு, ஆக நூற்றுக்கு ஒன்பது. வக்கீலம்மாவுக்குக் கொடுத்த பதினைந்தாயிரம் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய தொகையே இல்லை. ஆனால் மார்ச்சில் அந்தப் பதினைந்தாயிரத்துக்குத்தான் நாங்கள் யோசித்தோம்.

பதிவுக்கு முன் பத்திர எழுத்தர் எல்லோருக்கும் பத்திரத்தைப் படித்துக் காட்டினார். சாத்தூரிலிருந்து வந்த அம்மா, பேரன் தோளைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பெயர் வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"அதைத் திரும்பப் படிங்க."

பத்திர எழுத்தர் ஏதோ பிழையென்று நினைத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மெதுவாகப் படித்தார். அப்பா பெயர், பிறகு ‘அவர்களின் மகள்’, பிறகு அந்த அம்மாவின் பெயர்.

"ரேஷன் கார்டுல இருந்து எல்லாத்துலயும் இன்னார் மனைவின்னுதான் போட்டிருக்கும்" என்று பேரனிடம் சொல்லிவிட்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.